எம்எம்ஆர் ஊசி: குறித்த நாளில் போடுவதா, தள்ளிப் போடுவதா, பிரித்துப் போடுவதா, விட்டுவிடுவதா?

அக்காவின் மூத்த மகனுக்கு ஆட்டிசம். ஆறு வயதாகிறது. சின்னவளுக்கு முதல் பிறந்தநாள் நெருங்கியபோது எம்எம்ஆர் ஊசிக்கான தேதியும் கூடவே வந்தது. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடுகிற ஊசி அது. தடுப்பூசி அட்டையை மேசைமேல் வைத்துவிட்டு அக்கா கேட்டாள்: "பெரியவனுக்கு இதைப் போட்டு மூணு மாசத்துல, பேசிக்கிட்டிருந்த நாலு வார்த்தையும் போயிடுச்சு. இவளையும் நானே தூக்கிட்டுப் போய்ப் போடணுமா?"

இப்படிக் கேட்கும் தாயிடம் "அதெல்லாம் வதந்தி" என்று ஒரே வரியில் முடித்துவிடக் கூடாது. அவள் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறாள். ஊசி போட்டதும் உண்மை, வார்த்தைகள் போனதும் உண்மை. முன்னது பின்னதற்குக் காரணமா என்பதுதான் பார்க்க வேண்டியது. அக்காவின் முன்னால் நான்கு வழிகள் இருந்தன. குறித்த நாளிலேயே போட்டுவிடலாம். மூன்று வயதுவரை தள்ளி வைக்கலாம். மூன்று நோய்க்கும் தனித்தனி ஊசியாகப் பிரித்துக் கேட்கலாம். அல்லது போடாமலே விட்டுவிடலாம். இரண்டு வாரம், குழந்தைகள் தூங்கிய பிறகு, இந்த நான்கையும் நானும் அவளும் மாமாவும் உட்கார்ந்து பேசினோம். அந்தப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பயம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்த்தோம். 1998 பிப்ரவரியில் லண்டனின் ராயல் ஃப்ரீ மருத்துவமனையைச் சேர்ந்த ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் 12 சக ஆசிரியர்களும் லான்செட் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் இருந்தது மொத்தம் 12 குழந்தைகள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழந்தைகள் கிடையாது. எம்எம்ஆருக்கும் தாங்கள் விவரிக்கும் கோளாறுக்கும் தொடர்பை நிரூபிக்கவில்லை என்று கட்டுரையே எழுதியிருந்தது. ஆனால் பத்திரிகையாளர் சந்திப்பில் வேக்ஃபீல்ட், மூன்றையும் பிரித்துப் போடுவதே நல்லது என்றார். ஊருக்குப் போய்ச் சேர்ந்தது அந்தப் பேச்சுதான்.

பிரையன் டியர் என்ற பத்திரிகையாளர் 2004 முதல் இதைத் தோண்டினார். தடுப்பூசி நிறுவனங்கள்மீது வழக்குப் போடத் தயாராகிக்கொண்டிருந்த வழக்கறிஞர் தரப்பிலிருந்து வேக்ஃபீல்டுக்குப் பணம் போயிருந்தது. ஆய்வில் இருந்த குழந்தைகளில் சிலர் அந்த வழக்கறிஞரின் கட்சிக்காரர்களாகவே இருந்தார்கள். தட்டம்மைக்கு மட்டுமான தனி ஊசி ஒன்றுக்கு அவர் 1997-லேயே காப்புரிமை கேட்டிருந்தார். 2004-ல் சக ஆசிரியர்களில் 10 பேர் கட்டுரையின் விளக்கத்திலிருந்து விலகினார்கள். 2010-ல் லான்செட் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டில் பிரிட்டனின் மருத்துவர் பதிவேட்டிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. 2011-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் டியர் எழுதிய தொடர்தான் என்னை மிகவும் பாதித்தது. 12 குழந்தைகளும் முன்பு இயல்பாக இருந்தவர்கள் என்றது லான்செட் கட்டுரை. மருத்துவப் பதிவுகளை எடுத்துப் பார்த்தால், 5 பேருக்கு ஊசிக்கு முன்பே வளர்ச்சி குறித்த கவலை எழுதி வைக்கப்பட்டிருந்தது.

அக்கா இதைக் கேட்டுவிட்டு நியாயமான ஒன்றைச் சொன்னாள்: "ஒருத்தர் பொய் சொன்னார்னா, விஷயமே பொய்னு ஆயிடுமா?" ஆகாது. அந்தக் கட்டுரை விழுந்ததால் கேள்வி விழுந்துவிடவில்லை. அதற்குப் பதில் பெரிய எண்ணிக்கையில்தான் கிடைக்கும்.

டென்மார்க்கில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் அடையாள எண் உண்டு. போட்ட ஊசியும் கண்டறியப்பட்ட நோயும் அந்த எண்ணின் கீழ் பதிவாகும். அதை வைத்து 2002-ல் 5,37,303 குழந்தைகளை ஆராய்ந்தார்கள். எம்எம்ஆர் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஆட்டிசத்தில் வித்தியாசம் இல்லை. 2019-ல் இன்னொரு தலைமுறையை எடுத்து, 6,57,461 பேரை மறுபடி பார்த்தார்கள். அதிலும் இல்லை.

ஆனால் அக்காவின் கேள்வி ஊரில் உள்ள எல்லாக் குழந்தைகளையும் பற்றியது அல்ல. "எங்க வீட்டு ரத்தத்துலயே ஏதோ இருந்து, அதை இந்த ஊசி தூண்டிவிட்டா?" என்பது அவள் பயம். இதற்கென்றே ஓர் ஆய்வு இருக்கிறது. 2015-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. மூத்த உடன்பிறப்பு உள்ள 95,727 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் 1,929 பேரின் அண்ணனுக்கோ அக்காவுக்கோ ஆட்டிசம் இருந்தது. அதாவது, நம் சின்னவளைப் போன்ற 1,929 பேர். இவர்களில் 6.9 சதவீதம் பேருக்கு ஆட்டிசம் வந்தது. மற்ற குழந்தைகளில் அது 0.9 சதவீதம்தான். குடும்பத்தில் ஓடுவது உண்மை என்பதை அந்த எண் மறைக்காமல் சொல்கிறது. ஆனால் இந்த 1,929 பேருக்குள்ளேயே ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டபோது, போட்டவர்களிடம் ஆட்டிசம் கூடவில்லை. ஒரு ஊசி போட்டிருந்தாலும் கூடவில்லை, இரண்டு போட்டிருந்தாலும் கூடவில்லை.

இந்தப் பக்கத்தை அக்கா மூன்று முறை படித்தாள். அப்புறம், "அப்ப அவன் வார்த்தை ஏன் போச்சு?" என்றாள்.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் கணிசமான பேர் இப்படித்தான். வந்த சில வார்த்தைகளை ஒன்றரை வயதை ஒட்டி இழக்கிறார்கள். எம்எம்ஆரின் முதல் தவணையும் அந்த வயதுக்குச் சற்று முன்னால்தான் வருகிறது. லட்சக்கணக்கான குழந்தைகளுக்கு ஒரே வயதில் ஊசி போட்டால், அவர்களில் சிலருக்கு அடுத்த சில வாரங்களில் அந்த இழப்பு நேரத்தான் செய்யும், ஊசி என்ற ஒன்று இல்லாவிட்டாலும்கூட. ஆட்டிசத்தின் வேர் இன்னும் முன்னால் இருக்கிறது. 2013-ல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வில், கைக்குழந்தைகளின் பார்வை எங்கே போகிறது என்பதைக் கருவிகொண்டு மாதாமாதம் பதிவு செய்தார்கள். பின்னால் ஆட்டிசம் என்று தெரிந்த குழந்தைகள், எதிரே இருப்பவரின் கண்களைப் பார்ப்பது இரண்டாம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையிலேயே குறையத் தொடங்கியிருந்தது. தாயின் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிய குறைவு அது.

1994-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் செய்தது இன்னும் எளிய ஆய்வு. ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகள், இல்லாத 11 குழந்தைகள், இவர்களுடைய முதல் பிறந்தநாள் வீடியோக்களைப் பெற்றோரிடம் கேட்டு வாங்கினார்கள். யார் யார் என்று தெரியாதவர்களிடம் போட்டுக் காட்டி, குழந்தை செய்வதைக் குறிக்கச் சொன்னார்கள். பிரித்துக் காட்டியவை நான்கே விஷயங்கள்: முகத்தைப் பார்க்கிறதா, பெயர் சொன்னால் திரும்புகிறதா, விரல் நீட்டிக் காட்டுகிறதா, கையில் உள்ளதைப் பிறருக்குக் காட்டுகிறதா. ஒரு வயதிலேயே இரு குழுவும் பெரும்பாலும் பிரிந்து தெரிந்தன.

இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் சொன்னேன். அக்கா பேசாமல் எழுந்து போய்ப் பழைய போனை எடுத்து வந்தாள். பெரியவனின் முதல் பிறந்தநாள். தரையில் உட்கார்ந்து ஒரு சின்னக் காரைக் கவிழ்த்து, சக்கரத்தை விரலால் சுழற்றிக்கொண்டிருக்கிறான். படம் பிடிப்பது அக்கா; அவள் குரல் மட்டும் கேட்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாக. கை தட்டுகிறாள். நான்காம் முறை மாமா வந்து அவன் முகவாயைப் பிடித்துக் கேமரா பக்கம் திருப்புகிறார், எல்லோரும் சிரிக்கிறார்கள். விட்டதும் பார்வை சக்கரத்துக்கே திரும்பிவிடுகிறது. அவனுக்கு எம்எம்ஆர் போட்டது அதற்கு ஐந்து வாரம் கழித்து. அட்டையில் தேதி இருக்கிறது.

அன்று அதை யாரும் கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஐந்து வருடமாக "நான்தானே தூக்கிட்டுப் போனேன்" என்று அவள் தனக்குள் சுமந்ததை அந்த நிமிடம்தான் முழுதாகப் பார்த்தேன். ஒரு பொய்க் கட்டுரை எத்தனை தாய்மார்களின் தலையில் இந்தப் பாரத்தை ஏற்றி வைத்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

சரி, வழிகளுக்கு வருவோம். தள்ளிப் போடுவதுதான் நான்கிலும் மனசுக்கு இதமானது. மாமாவின் விருப்பமும் அதுதான்: "மூணு வயசு ஆகட்டும். ஆட்டிசம் இருந்தா அதுக்குள்ள தெரிஞ்சிடும். அப்புறம் போட்டுக்கலாம்." ஊசியை மறுத்ததாகவும் இல்லை, பயத்தை மீறியதாகவும் இல்லை. ஆனால் ஊசியால் ஆட்டிசம் வரவில்லை என்றால், காத்திருப்பதால் ஆட்டிசத்தில் எதுவும் குறையப்போவதில்லை. குறைவது பாதுகாப்பு மட்டும்தான். தட்டம்மை குழந்தைகளை மோசமாகத் தாக்குவது ஐந்து வயதுக்குள். அதில் இரண்டு வருடத்தை வெறுங்கையோடு கடக்க வேண்டும். மாமா எதிர்பார்க்காத ஒன்றும் இருந்தது. இந்த ஊசிக்குப் பின் வரும் காய்ச்சலில் அபூர்வமாகச் சில குழந்தைகளுக்கு வலிப்பு வரும். 2014-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வின்படி, 15 மாதத்துக்குள் போட்டவர்களைவிட 16 முதல் 23 மாதத்துக்குள் போட்டவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம். ஊசியின் ஆபத்தைக் குறைக்கலாம் என்று சில மாதம் தள்ளினால், இந்த ஆபத்து கூடுகிறது.

பிரித்துப் போடும் யோசனைக்கு அந்தப் பத்திரிகையாளர் சந்திப்பைத் தவிர வேறு அடிப்படை எப்போதும் இருந்ததில்லை. இதை ஒரு நாடே செய்து பார்த்துவிட்டது. ஜப்பான் 1993-ல் எம்எம்ஆரை நிறுத்தியது. காரணம் ஆட்டிசம் இல்லை. அங்கே பயன்படுத்திய பொன்னுக்கு வீங்கிக் கிருமி வகையால் சில குழந்தைகளுக்கு மூளை உறை அழற்சி வந்தது. அதன்பின் தனித்தனி ஊசிதான். யோகோஹாமா நகரின் ஒரு பகுதியில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கணக்கெடுத்தார்கள். 1988 முதல் 1992 வரை பிறந்தவர்களில் 10,000 பேருக்கு 48 முதல் 86 வரை என்று இருந்த ஆட்டிசம், எம்எம்ஆரே இல்லாத 1993 முதல் 1996 வரை பிறந்தவர்களில் 97 முதல் 161 வரை ஏறியது. ஊசி போய்விட்டது, எண்ணிக்கை நிற்கவில்லை. இது போக, பிரித்தால் இரண்டு குத்து ஆறாகும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் குழந்தை பாதி பாதுகாப்போடு இருக்கும். மெர்க் நிறுவனம் தனி ஊசிகளின் தயாரிப்பையே 2009-ல் நிறுத்திவிட்டது. பிரிப்பதில் அர்த்தம் உள்ள ஓர் இடம் உண்டு: சின்னம்மைக்கான மருந்தையும் சேர்த்து நான்கு நோய்க்கு ஒரே ஊசியாகச் சில நாடுகளில் தருகிறார்கள். முதல் தவணையில் அதனால் காய்ச்சல் வலிப்பு சற்றுக் கூடுகிறது. ஏறக்குறைய 2,300 குழந்தைகளுக்கு ஒருவர் கூடுதலாக. குடும்பத்தில் வலிப்பு இருந்தால் சின்னம்மை ஊசியைத் தனியாகக் கேட்டு வாங்குவது நல்லது.

ஊசியில் கலந்திருக்கும் பொருட்களைப் பற்றியும் பேச்சு வந்தது. தைமரோசால் என்ற பாதரசக் கலவை எம்எம்ஆரில் ஒருபோதும் இருந்ததில்லை. இது உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்யும் ஊசி, அதில் சேர்த்தால் கிருமியே செத்துவிடும். மற்ற ஊசிகளில் அது இருந்தது. டென்மார்க் 1992-லும், அமெரிக்கா 2001 வாக்கிலும் குழந்தைகளின் வழக்கமான ஊசிகளிலிருந்து அதை எடுத்துவிட்டன. இரண்டு இடத்திலும் ஆட்டிசப் பதிவுகள் குறையவில்லை, ஏறின. வேறு சில ஊசிகளில் சேர்க்கும் அலுமினிய உப்பைப் பற்றி 2025-ல் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட டேனிஷ் குழந்தைகளை வைத்து ஆராய்ந்தார்கள். ஆட்டிசம் உட்பட 50 நோய்களில் எதற்கும் ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை.

"ஆனா அமெரிக்க அரசே மாத்திச் சொல்லிடுச்சே?" என்று மாமா கேட்டார். 2025 நவம்பரில் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் தன் இணையப் பக்கத்தை மாற்றியது உண்மைதான். கைக்குழந்தைகளின் ஊசிகள் ஆட்டிசத்துக்குக் காரணமாக இருக்கும் வாய்ப்பை ஆய்வுகள் முற்றிலும் விலக்கிவிடவில்லை, ஆகவே 'தடுப்பூசி ஆட்டிசத்தை உண்டாக்காது' என்பது ஆதாரத்தின் மேல் நிற்கும் கூற்று அல்ல என்று எழுதினார்கள். அந்த மாற்றத்துக்குப் பின்னால் புதிய ஆய்வு எதுவும் இல்லை. அடுத்த மாதமே உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆய்வுகளை மறுபடி அலசி, தொடர்பு இல்லை என்ற முடிவை உறுதி செய்தது. எல்லா ஊசியையும் எம்எம்ஆர் அளவுக்குத் துருவிப் பார்க்கவில்லை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் "விலக்கிவிடவில்லை" என்பதை எதைப் பற்றியும் எப்போதும் சொல்லலாம். குழந்தைக்கு எது நல்லது என்று முடிவெடுக்க உட்காரும்போது, ஆபத்து இருப்பதாக எது காட்டுகிறது என்று கேட்க வேண்டும். எம்எம்ஆர் விஷயத்தில் அப்படிக் காட்டும் நம்பகமான ஆய்வு எதையும் நான் பார்க்கவில்லை.

போடாமலே விடுவது. இதில்தான் அதிக நேரம் நின்றோம், ஏனென்றால் எங்கள் மூவரில் யாரும் தட்டம்மையைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. நோயாளி ஒரு அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் கிருமி அங்கே காற்றில் நிற்கும். பாதுகாப்பு இல்லாத பத்துப் பேர் அவர் பக்கத்தில் இருந்தால் ஒன்பது பேருக்குத் தொற்றும். நோய் வரும் குழந்தைகளில் 20 பேரில் ஒருவருக்கு நிமோனியா, 1,000 பேரில் ஒருவருக்கு மூளை அழற்சி. நல்ல மருத்துவ வசதி உள்ள நாட்டிலேயே 1,000 பேரில் ஒருவர் முதல் மூன்று பேர் வரை இறக்கிறார்கள். முன்பு வந்த நோய்களுக்கு எதிராக உடல் சேர்த்து வைத்திருந்த எதிர்ப்பாற்றலின் ஒரு பகுதியையும் தட்டம்மை அழித்துவிட்டுப் போகிறது என்று 2019-ல் கண்டறிந்தார்கள். அபூர்வமாக, குறிப்பாக இரண்டு வயதுக்குள் நோய் கண்ட குழந்தைகளிடம், கிருமி மூளையில் தங்கிவிடும். ஏழெட்டு வருடம் ஒன்றும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை பாடத்தை மறக்கும், தடுமாறி விழும், பேச்சை இழக்கும். அதற்கு மருந்து இல்லை. இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது அக்கா கையை உயர்த்திப் போதும் என்றாள்.

பயம் ஒரு நாட்டை என்ன செய்யும் என்பதற்குச் சமோவா தீவு இருக்கிறது. 2018-ல் அங்கே இரண்டு குழந்தைகள் எம்எம்ஆர் போட்டதும் இறந்தன. ஊசி மருந்தைத் தண்ணீரில் கரைப்பதற்குப் பதில், தவறுதலாகத் தசை தளர்த்தும் மருந்தில் கரைத்திருந்தார்கள். திட்டம் மாதக்கணக்கில் நின்றது. திரும்பத் தொடங்கிய பிறகும் பெற்றோர் வரவில்லை. 2019-ல் தட்டம்மை நுழைந்தபோது 5,700 பேருக்கு மேல் நோய் கண்டது. 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். மொத்தம் இரண்டு லட்சம் பேர்தான் அந்த நாட்டில். 2025-ல் டெக்சாஸ் மாநிலத்தில் 762 பேருக்கு வந்தபோது இறந்த இரண்டு பிள்ளைகளுமே ஊசி போடாதவர்கள்.

ரூபெல்லாவைப் பற்றி ஒன்று சொன்னேன், மாமா நம்பவே இல்லை. ஆட்டிசத்துக்கான காரணம் என்று மருத்துவம் ஏற்றுக்கொண்டிருப்பவற்றில், தாயின் வயிற்றில் இருக்கும்போது குழந்தைக்குத் தொற்றும் ரூபெல்லாவும் ஒன்று. 1964-65-ல் அமெரிக்காவில் பரவிய ரூபெல்லாவால் ஏறக்குறைய 20,000 குழந்தைகள் பிறவிக் குறைகளோடு பிறந்தார்கள். அப்படிப்பட்ட 243 குழந்தைகளை ஆராய்ந்த ஸ்டெல்லா செஸ் என்ற மனநல மருத்துவர் அவர்களில் 18 பேரிடம் ஆட்டிசத்தை, முழுதாகவோ பாதியாகவோ, கண்டார். எம்எம்ஆரில் உள்ள மூன்றாவது எழுத்து தடுப்பது அந்த நோயைத்தான்.

குறித்த நாளில் போடுவதற்கும் விலை உண்டு, அதையும் மறைக்காமல் எழுதி வைத்தோம். ஆறாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள் ஆறில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வரலாம். சிலருக்கு லேசான தடிப்பும் வரும். 3,000 முதல் 4,000 பேருக்கு ஒருவருக்குக் காய்ச்சல் வலிப்பு. பார்க்கப் பயங்கரமாக இருக்கும், பெரும்பாலும் தழும்பின்றிப் போய்விடும். 30,000 முதல் 40,000 பேருக்கு ஒருவருக்கு ரத்தத் தட்டணுக்கள் கொஞ்ச நாள் குறையும். கடுமையான ஒவ்வாமை பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவில் வரும். அதற்காகத்தான் போட்டதும் கொஞ்ச நேரம் இருக்கச் சொல்கிறார்கள். எதிர்ப்பாற்றல் கடுமையாகக் குறைந்த குழந்தைக்கு இதைப் போடவே கூடாது. அந்தக் குழந்தைகளைக் காப்பது சுற்றியிருக்கும் மற்ற பிள்ளைகளுக்குப் போட்ட ஊசிதான். அதற்கு 95 சதவீதம் பேராவது போட்டிருக்க வேண்டும். முதல் தவணையிலேயே 93 சதவீதம் பேருக்கு தட்டம்மையிலிருந்து பாதுகாப்பு கிடைக்கிறது, இரண்டாம் தவணையில் அது 97 ஆகிறது.

கடைசி இரவில் அக்கா சொன்னது வேறு. "நாம பேசுறதைப் பெரியவன் ஒருநாள் படிச்சா என்ன நினைப்பான்? அவனை மாதிரி ஆயிடக் கூடாதுன்னு தங்கச்சியைத் தட்டம்மைக்கு விட்டுக்கொடுக்கப் பார்த்தோம்னு நினைக்க மாட்டானா?" எனக்குப் பதில் வரவில்லை. அவன் பக்கத்து அறையில், கார்களை நிற வரிசைப்படி அடுக்கி வைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான்.

சின்னவளுக்குக் குறித்த தேதியிலேயே போட்டார்கள். ஒன்பதாம் நாள் இரவு பதினோரு மணிக்கு அக்காவிடமிருந்து போன். "நூத்தி ஒண்ணு இருக்கு. முதுகுல லேசாத் தடிப்பு." குரலில் பதற்றம் இருந்தது. ஆனால் மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தை அளவு பார்த்துக் கொடுத்துவிட்டுத்தான் பேசுகிறாள். நாள் கணக்கை எழுதி வைத்திருந்த தாளும் அவள் கையிலேயே இருந்தது. "ஆறுல இருந்து பன்னிரண்டுக்குள்ளன்னு போட்டிருக்கு. இன்னைக்கு ஒன்பது. சரிதானே?" என்று கேட்டாள். சரிதான் என்றேன். மறுநாள் சாயங்காலம் காய்ச்சல் இறங்கிவிட்டது.